பரிசு மேசையில் பால்டிக் வீரன்

1. முதல் பக்கம்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் அந்தச் சிறிய காமிக்ஸ் பதிப்பகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் மேசையில் வைத்த முதல் பக்கத்தில் ஒரு சூப்பர்ஹீரோ கழிப்பறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். முதுகில் சிவப்புத் துணி தொங்கியது. வேறு உடுப்பு எதுவும் இல்லை. தலைக்கு மேலே ஒரு வெறும் பேச்சுக் குமிழி. அவன் சொல்லும் டெனிஷ் வசனத்தை அந்தக் குமிழிக்குள் அடக்கமாக எழுதுவதுதான் எனக்குத் தந்த வேலை. வசனத்தைப் பார்த்தேன். பாதி கெட்ட வார்த்தை.

அதற்கு முன் நான் சுப்பர்மார்க்கெட் துண்டுப்பிரசுரங்களுக்கு எழுத்து அடுக்கினவள். சலவைத்தூள், உறைந்த கோழி, பாதி விலையில் சொசேஜ். யாழ்ப்பாணத்தில் கொன்வென்டில் படித்து, பதினைந்து வயதுவரை "சனியன்" என்று சொன்னதற்கே வாயில் அடி வாங்கினவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். முதலாளி ஹென்ரிக் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். முதலில் முழுக் கதையையும் வாசி, சிரிப்பு வராவிட்டால் துண்டுப்பிரசுரத்துக்கே திரும்பிப் போ, நான் கோபிக்க மாட்டேன் என்றார்.

வாசித்தேன். அவன் பெயர் பால்டிக் வீரன். மூழ்கிய கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறான். காப்பாற்றுவதற்கு முன் நகரசபையில் விண்ணப்பம் போடவில்லை என்று சம்பளத்தை மறுத்துவிட்டார்கள். அவனுடைய கூட்டாளி ஒருத்தன் குடிவெறியில் பறந்து காற்றாலையில் மோதிக்கொண்டான். இன்னொருத்தி, கமரா ஓடவில்லை என்பதற்காகக் கரையேறின சனத்தைத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கி, திரும்பவும் தூக்குகிறாள். நனைந்த சனம் நடுங்கிக்கொண்டே இரண்டாந்தரம் நன்றி சொல்கிறது.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை ஊரிலும் பார்த்தேன், வந்த நாடுகளிலும் பார்த்தேன். அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்து போயிருந்தது. யாரோ ஒரு டெனிஷ்காரப் பெடியன் அதைப் படமாகக் கீறி வைத்திருக்கிறான். அன்று மத்தியானமே கழிப்பறைக் குமிழியை எழுதி முடித்தேன்.

ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. குமிழிக்குள் எழுத்தைச் சுற்றிக் காற்று இருக்க வேண்டும், ஓரத்தில் முட்டினால் ஆள் கத்துகிற மாதிரி இருக்கும். முதலில் பேசுகிறவனின் குமிழி இடப்பக்கம் மேலே. போல்ட் எழுத்தை உப்பு மாதிரிப் பாவியுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் கை கூசக்கூடாது. நல்ல வார்த்தைக்கு விடுகிற அதே இடைவெளியைத்தான் அதற்கும் விட வேண்டும்.

2. கதைப்புத்தக அக்கா

நான் பக்கத்து ஊரான கோல்டிங்கில் குடியிருந்தேன். அங்கே எங்கள் தமிழ்ச் சனத்துக்கு நான் "பிள்ளையளுக்குக் கதைப்புத்தகம் செய்யிற அக்கா". நானாகச் சூட்டிக்கொண்ட பட்டம் இல்லை. எங்கே வேலை என்று கேட்பார்கள், காமிக்ஸ் பதிப்பகம் என்பேன், பெரியவர்களுக்கான காமிக்ஸ் என்றும் சேர்த்துச் சொல்வேன். கேட்டவர் சிரித்துவிட்டு, பிள்ளைகளோடு தொடர்பான வேலை மனதுக்கு நல்லது என்பார். படம் போட்ட புத்தகம் என்றால் பிள்ளைகளுக்குத்தான் என்பது எங்கள் ஆட்களின் அசையாத முடிவு. ஊரில் படக்கதை வாசித்ததற்காக அடிவாங்கினவர்களும் அதைத்தான் சொன்னார்கள். நான் இரண்டு மூன்று தரம் விளங்கப்படுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வாதாடிக் களைத்துப் போவதற்கு எனக்கு வீட்டிலேயே ஒரு மனுசன் இருந்தார்.

எங்கள் தமிழ்ப் பாடசாலை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், ஒரு டெனிஷ் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய வகுப்பறைகளில் நடந்தது. அதிபரை எல்லாரும் மாஸ்டர் என்போம். பகலில் தொழிற்சாலையில் வேலை, மிச்ச உயிர் முழுவதும் பாடசாலைக்கு. அந்த வருடங்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமையில் உதைபந்தாட்டம் இருக்கிறது, தமிழ் படித்து இங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்று பெற்றோர் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிச்சம் இருந்தவர்களும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வருடப் பரிசளிப்பு விழாவைச் சிறப்பாகச் செய்துவிட்டால் அவர்கள் நிற்பார்கள் என்பது மாஸ்டரின் கடைசி நம்பிக்கை.

3. பளபளக்கும் பார்சல்கள்

விழாவன்று நான் மண்டபத்துக்குள் போனபோது மேடையில் ஒரு நீள மேசை, அதன் மேல் பளபளக்கும் தாளில் சுற்றிய பார்சல்கள் அடுக்கடுக்காக. மாஸ்டர் வேட்டியோடு ஓடிவந்து என்னை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முகம் முழுக்கச் சந்தோசம்.

"தங்கச்சிக்குச் சொல்லாமல் ஒரு அலுவல் பாத்தனான். உங்கட பொஸ்ஸுக்கு போன் எடுத்துக் கதைச்சன். எங்கட பிள்ளையளுக்குப் பரிசுக்குப் புத்தகம் வேணும் எண்டன். நல்ல மனுசன், பெட்டி பெட்டியாய் அனுப்பிப் போட்டார்."

சுற்றாமல் மிஞ்சின ஒன்றைக் கையில் தந்தார். அட்டையில் பால்டிக் வீரன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, தோளில் ஒரு குழந்தையைத் தூக்கி, மற்றக் கையில் டெனிஷ் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றான். சுத்தபத்தமான அந்த அட்டையே ஒரு நக்கல். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு வரிக்கு வரி தெரியும். பின்னட்டையின் அடியில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை எழுதினதும் நான்தான்.

ஹென்ரிக்கை நான் குற்றம் சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் பின்னேரம் நடக்கிற பாடசாலை என்றால் அது வளர்ந்தவர்களுக்கானது. வேலை முடித்து வந்து மட்பாண்டம் வனைவார்கள், ஸ்பானிஷ் படிப்பார்கள். வெள்ளி பின்னேரம் வகுப்பு என்று மாஸ்டர் சொன்னதும், நாற்பது வயது மாணவர்களைத்தான் ஹென்ரிக் மனதில் கண்டிருக்கிறார். மாஸ்டரும் என்னிடம் மூச்சு விட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

நான் மாஸ்டருக்கு நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு பக்கமும் நிறைந்த ஒரே படம். வீரர்கள் எல்லாரும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து, ஆருக்கு அதிக பலம் என்று சண்டை பிடிக்கிறார்கள். மாஸ்டர் புத்தகத்தை மூடினார். திரும்பத் திறந்தார். திரும்ப மூடினார்.

"தங்கச்சி, இவைக்கு உடுப்பில்லை."

"ஓம் மாஸ்டர்."

"அங்கால தள்ளினால் உடுப்பு போடுறாங்களோ?"

"அங்கால இன்னும் மோசம், மாஸ்டர்."

வெளியே மங்கள விளக்கு ஏற்றிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார்கள். முன்வரிசையில் பிரதம விருந்தினர், நகரசபை உறுப்பினரான ஒரு டெனிஷ் பெண்மணி, கைகளை மடியில் வைத்துப் பயபக்தியோடு இருந்தார். வேறு பரிசு வாங்கிவர நேரமில்லை. ஒரு பார்சல் பிரிந்தாலும் பாடசாலை அன்றோடு முடிந்தது என்று மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. அவர் ஒரு கதிரையில் இருந்து வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எனக்கு என் பயமும் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுத்து என்ற இடத்தில் என் முழுப்பெயர் அச்சாகி இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் பாடசாலையை விட என் பெயரைத்தான் நான் அதிகம் நினைத்தேன்.

4. இறங்கும் படி

யோசனை வந்தது என் தொழிலில் இருந்துதான். ஊரில் பரிசுப் புத்தகம் என்றால் உள்ளே பெயர் எழுதியிருக்கும். இன்னாருக்கு, இன்ன வகுப்பில், இன்ன பாடத்தில் முதலாம் பரிசு, கீழே அதிபரின் கையெழுத்து. அந்தப் பெயருக்காகத்தான் அதைக் காலமெல்லாம் வைத்திருப்போம். டென்மார்க்கில் அவசரத்தில் அந்த வழக்கம் கைவிட்டுப் போயிருந்தது.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் எழும்பி மைக்குக்குப் போய் அறிவித்தார். இந்த முறை பழைய வழக்கப்படி ஒவ்வொரு பரிசிலும் பிள்ளையின் பெயர் கையால் எழுதப்படும், எழுதப்போவது எழுத்தையே தொழிலாகச் செய்கிற ரேணு அக்கா, ஆகவே பரிசைப் பெற்ற பிள்ளைகள் மற்றப் பக்கப் படியால் இறங்கி அவவிடம் ஒப்படைக்கவும், அடுத்த வெள்ளி பெயரோடு கிடைக்கும். சபை கைதட்டியது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். நான் இறங்கும் படியடியில் ஒரு வெறும் பெட்டியோடு போய் நின்றேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பார்சல், கைகுலுக்கல், போட்டோ, படி, பெட்டி. நல்லாகத்தான் போனது. நடுவில், மாஸ்டரின் மூத்த மகள் ஏறினாள். வீட்டில் தகப்பனுக்கு டெனிஷில் மட்டுமே மறுமொழி சொல்கிற பிள்ளை. நகரசபைப் பெண்மணிக்கு உற்சாகம் கூடிவிட்டது. டெனிஷ்காரருக்குப் பரிசு என்றால் கொடுத்தவரின் முன்னாலேயே பிரித்துப் பார்க்க வேண்டும், பிரிக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு. திறந்து பார், எனக்கும் ஆசையாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார்.

அவள் தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். மாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்தப் படியில் ஏறி ஓட வேண்டும் போல இருந்தது.

அவள் சபையைப் பார்த்தாள். பிறகு விருந்தினரைப் பார்த்து, சுத்தமான டெனிஷில், மரியாதையாகச் சொன்னாள். "நாங்கள் தந்தவருக்கு முன்னால் பிரிப்பதில்லை. வீட்டுக்குப் போய்த்தான் பிரிப்போம்."

பெண்மணி, அழகான வழக்கம் என்று தலையாட்டினார். பிள்ளை இறங்கி வந்து பார்சலை என் பெட்டிக்குள் போட்டாள். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

5. ஒன்று குறைந்தது

விழா முடிந்து பெட்டியைச் சரிபார்த்தபோது ஒரு பார்சலைக் காணவில்லை. மாஸ்டரின் மனைவியைக் கேட்டோம். விருந்தினருக்குப் போர்த்தின பொன்னாடையோடு ஒரு புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்ததாக அவ பெருமையாகச் சொன்னா.

நானும் மாஸ்டரும் தேநீர் மேசைக்கு ஓடினோம். பிந்திவிட்டோம். பொன்னாடை தோளில் கிடக்க, ஒரு கையில் வடை, மற்றக் கையில் பால்டிக் வீரன். பெண்மணி தந்தவருக்கு முன்னாலேயே பிரித்துவிட்டார். சுற்றிவர எங்கள் பெண்கள் அன்போடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து வாசித்தார்.

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வடை கையிலிருந்து விழுந்தது. நகரம் எரிகிறது, பால்டிக் வீரன் நகரசபைக் கவுண்டரில் இலக்கத் துண்டோடு தன் முறைக்காகக் காத்திருக்கிறான். அந்தப் பக்கம். இது எங்கள் அலுவலகமேதான் என்றார். நாங்கள் கோப்பி குடிக்கிற அறையில் இதை வைக்கப் போகிறேன் என்றார். முதல் பக்கத்தைப் புரட்டி என் பெயரைக் கண்டு, இது நீங்களா என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

"ஓம், எழுத்து முழுக்க நான்தான்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு டெனிஷிலும் சொன்னேன்.

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அது என்ன புத்தகம் அக்கா என்று ஒருத்தி கேட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். "பெரிய ஆக்களுக்கான புத்தகம். சூப்பர்ஹீரோக்களை நக்கலடிக்கிறது. உடுப்பில்லாமலும் வருவினம்."

கேட்டவள் குரலைத் தாழ்த்தி, "அப்ப எனக்கு ஒண்டு எடுத்து வையுங்கோ" என்றாள்.

எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அந்தத் தேநீர் மேசையில் இறங்கியது. இரவு சாப்பாடு ருசித்தது. நன்றாக நித்திரை வந்தது.

திங்கள் ஹென்ரிக்கிடம் சொன்னபோது மனுசன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தானே அலைந்து, தனக்குத் தெரிந்த பதிப்பாளர்களிடம் நல்ல சிறுவர் புத்தகங்களைச் சேர்த்து வந்தார். நான் அந்தக் கிழமை முழுவதும் பெயர் எழுதினேன். குமிழிக்குள் எழுதிப் பழகின கை என்பதால், ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் கொஞ்சம் காற்று விட்டேன். அடுத்த வெள்ளி ஒரு பிள்ளையும் விடுபடவில்லை, எல்லாரும் வந்தார்கள். தங்கள் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். அதன் பிறகும் பாடசாலை நடந்தது, இன்றும் நடக்கிறது.

படியடியில் சேர்ந்த பெட்டியை நான் அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். அதில் மேலும் ஒன்று குறைந்திருந்தது. அது எங்கே போனது என்று இரண்டு கிழமை கழித்து வந்த தொலைபேசி அழைப்பில் தெரிந்தது. மாஸ்டர். பாடசாலை, வெய்யில், மழை எல்லாம் கதைத்து முடித்துவிட்டு, குரலைச் செருமினார்.

"தங்கச்சி, அவனுக்குக் கடைசியில சம்பளம் குடுத்தவையோ?"

"ஆருக்கு மாஸ்டர்?"

"அவன்தான், பால்டிக் வீரன்."

அது அடுத்த பாகத்தில் வருகிறது என்றேன்.

"பிள்ளையளுக்குக் குடுக்கக் கூடாத புத்தகம் தங்கச்சி, அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனா இவ்வளவு காலமும் எனக்கு ஒண்டு தந்திருக்கலாம்."

படம் போட்ட புத்தகம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை என்று விளங்கப்படுத்த நான் வருடக்கணக்கில் பட்ட பாடு வீண். கையில் ஒன்றைக் கொடுத்திருந்தால் போதும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அடுத்த நாள் வேலை முடிந்து போகும் வழியில், மற்றப் பாகங்களை எல்லாம் பழுப்புத் தாளில் சுற்றி மாஸ்டர் வீட்டில் கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே பிரித்தார்.