சனிக்கிழமையில் விழுந்த ஈஸ்டர்

தி. நகரில் பைண்டிங் கடைக்காரர் என் ஆய்வுச் சுருக்கத்தின் நான்காவது பிரதிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது தோழியிடமிருந்து போன் வந்தது.

"பைண்ட் பண்ணிட்டியாடி?"

"பண்ணிட்டே இருக்காங்க. ஏன்?"

"நிறுத்தச் சொல்லு. உன் ஆயர் சனிக்கிழமை கறி சாப்பிட்டிருக்கார்."

சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சாந்தோம்காரி. தலைமுறை தலைமுறையாக ஒரே பங்குக் கோயிலில் திருமணமும் திருமுழுக்கும் நடக்கிற குடும்பம். பள்ளியில் கணக்கு டீச்சர். என் ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன் என்று அந்தச் சுருக்கத்தை வாங்கிப் போனவள், கமாவைத் தேடாமல் கிழமையைத் தேடியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். ரோமப் பேரரசு உதிர்ந்த பிறகு, இன்று பிரான்ஸ் என்று சொல்கிற நாட்டில் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அந்தக் காலத்தில் ஈஸ்டர் எந்த ஞாயிறு என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே ஆறு. ஒரு கரையில் பண்டிகை, மறுகரையில் இன்னும் ஒரு வாரம் நோன்பு. என் மூன்றாவது அத்தியாயம் முழுக்க ஒரே கடிதத்தின் மேல் நிற்கிறது. நோன்பில் கிடந்த கரையின் ஆயர் எழுதியது. போன வாரம் உங்கள் பக்கத்திலிருந்து கறி வாசனை வந்து எங்கள் ஆட்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல, இன்றுதான் எங்களுக்கு ஈஸ்டர், இன்றுதான் சாப்பிட்டோம் என்கிறார். கீழே தேதியும் போட்டிருக்கிறார்: மே முதல் நாளுக்கு எட்டாம் நாள் முன்பு. ரோமர்கள் தேதியைப் பின்னோக்கித்தான் எண்ணுவார்கள்.

முன்பு ஒரு வரலாற்றாசிரியர் அது பிற்காலத்தில் யாரோ எழுதிய போலிக் கடிதம் என்று சொல்லியிருந்தார். இல்லை, அசல் என்பது என் வாதம். என் நெறியாளர் ஆரம்பத்திலேயே, "அந்த ஒரு கடிதத்தை நம்பி வீடு கட்டாதே" என்றார். நான் மாடியும் கட்டிவிட்டேன்.

"நீ போட்டிருக்கிற தேதி ஏப்ரல் இருபத்து மூணு. அந்த வருஷம் அது என்ன கிழமைன்னு பார்த்தியா?" என்றாள் தோழி.

"அந்தக் காலத்து ஜூலியன் காலண்டர்ல பார்க்கணும்டி."

"அதுலதான் பார்த்தேன். சனி. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை எங்க வீட்டுல என் தம்பி சாக்லேட்டைத் தொட்டாலே அம்மா கையில அடிப்பாங்க. உன் ஆயர் விருந்தே வெச்சிருக்கார்!"

ஈஸ்டர் எந்த வாரம் என்பதில்தான் சண்டை. ஞாயிறு என்பதில் அல்ல. சனிக்கிழமை ஈஸ்டர் கொண்டாடிய ஆயர் என்று ஒருவர் இருக்க முடியாது. அப்படியானால் கடிதம் எழுதியவன் ஆயரே இல்லை. தேதி தெரியாத போலி. திங்கட்கிழமை ஆய்வுக்குழு உட்காருகிறது. சுருக்கத்தை ஏற்றால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். அத்தியாயம் விழுந்தால் இன்னொரு வருடம்.

"இன்னாமா, அப்பிடியே நின்னுட்ட?" என்றார் கடைக்காரர். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "மயிலாப்பூர்ல எவ்ளோ பெரிய கோயில் கீது, நீ இன்னாத்துக்கு பிரான்ஸுக்குப் போற?" என்றார். ஐந்து வருடமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. எப்போதும் துள்ளிக்கொண்டு பதில் சொல்வேன். அன்று, "அண்ணா, பைண்ட் பண்ணவேணாம், அப்படியே குடுங்க" என்று தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டில் மதியம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் கடிதத்தைப் பிரதியெடுத்தவன் எண்ணைத் தப்பாக எழுதியிருப்பானோ? பழைய படிகள் இரண்டின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் எட்டுதான், சந்தேகத்துக்கு இடமில்லாத எட்டு. வருடத்தை மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் ஆயர் செத்துப் போயிருந்தார். அத்தியாயத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்துவிடலாமா என்றும் பார்த்தேன். நடு அத்தியாயம் இல்லாமல் முன்னும் பின்னும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி முழித்தன.

ஹாலில் அம்மா போனில் அசோக் நகர் சித்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பதினாறாம் நாள் பேர் வைத்துத் தொட்டிலில் போட வேண்டும்.

"சனிக்கிழமை எப்படிடி வரும்? வியாழக்கிழமை பொறந்துது... பொறந்த நாளை விட்டுட்டு எண்ணினா வராதா பின்னே? அதையும் சேர்த்துதான்டி எண்ணணும். வெள்ளிதான் பதினாறு. உனக்கு லீவு நாளா இருக்கணும்னு குழந்தைக்கு ஒரு நாளைக் குறைப்பியா?"

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"என்னடி அது சத்தம்?" என்றாள் அம்மா.

ரோமர்களும் அப்படித்தான் எண்ணுவார்கள், இரண்டு முனையையும் சேர்த்து. மே ஒன்றுதான் முதல் நாள். அங்கிருந்து பின்னால் எண்ணினால் எட்டாம் நாள் ஏப்ரல் இருபத்து நான்கு. இது எனக்குத் தெரியாததல்ல. முதல் வருடமே படித்தது, இளையவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் கடிதத் தேதிகளையெல்லாம் மாற்ற எக்செல்லில் ஒரு பார்முலா எழுதியிருந்தேன். ஒரே மத்தியானத்தில், ஏதோ அவசரத்தில், மே ஒன்றிலிருந்து எட்டைக் கழி என்று. கணினி சொன்னதைச் செய்தது. நான் அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தைத் திறக்கவே இல்லை.

ஒன்றைக் கூட்டினேன். பத்தி முழுக்கத் தேதிகள் ஒரு நாள் நகர்ந்தன. கிழமை காட்டும் இணையதளத்தில் இருபத்து நான்கைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினேன்.

ஞாயிறு.

தோழிக்குப் போன் செய்தேன். "கணக்கு டீச்சரே, மே ஒண்ணையும் சேர்த்து எண்ணணும்டி!"

அவள் தானும் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "வெள்ளி, சனி, ஞாயிறு" என்று முணுமுணுத்தாள். "அடிப்பாவி. வெள்ளிக்கிழமை சிலுவையில இறந்தவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்னு வாராவாரம் பூசையில சொல்றேன். கழிச்சுப் பார்த்தா ரெண்டுதானே வருது! எனக்கே தோணல பாரு. ஆயர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

"நானே கேட்டுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தேதிகளையும் கையால், விரல் விட்டு, ஒவ்வொன்றாக எண்ணினேன். வேறு எதுவும் இடிக்கவில்லை. எந்தப் பிரதியிலும் எனக்கு நம்பிக்கை வராமல் எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்தேன். திங்கட்கிழமை காலை கடைக்காரர் பேசாமல் பைண்ட் செய்து கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்.

குழுவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் நேராக மூன்றாவது அத்தியாயத்தைத்தான் திறந்தார். "இந்தக் கடிதம் போலின்னு ஒரு கருத்து இருக்கே. தேதியைச் சரிபார்த்தீங்களா? அன்னைக்கு என்ன..."

"ஞாயிறு மேடம்" என்றேன், அவர் முடிப்பதற்குள்.

நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார். எண்ணிக் காட்டினேன், விரலை மடக்கி, மே ஒன்றிலிருந்து. என் பார்முலா செய்த தப்பையும் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் வாய் நிற்கவில்லை. எட்டாவது விரல் மடங்கியதும் அவர் பேனாவைத் திறந்தார். "இதை ஒரு அடிக்குறிப்பா போடுங்க. நிறைய பேர் இதே இடத்துல விழுந்திருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள்.

வீட்டுக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த தோள் தானாக இறங்கியது, அவ்வளவுதான் தெரியும். கண்டக்டர் கம்பியில் தட்டி, "இன்னாமா, எறங்கலயா? டிப்போ வந்துடுச்சு" என்றபோது அடையாறில் இருந்தேன், மடியில் ஆய்வுச் சுருக்கத்தோடு. என் நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. பரவாயில்லை என்று இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன்.