கதவில் ஒட்டிய தாள்

பென்காவுக்குப் பயப்படக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. எல்லாம் நன்றாகப் போகிற நாளில்தான் இன்னும் அதிகமாகப் பயப்படுவாள், எங்கே இடிக்கப் போகிறதோ என்று. லோவெச் என்ற ஊரில் ஒரு ரொட்டிக் கடையில் அவளுக்கு வேலை. சூடான பானிட்சா என்ற பாலாடைக்கட்டி ரொட்டியைத் தட்டில் எடுத்து வைக்கும்போதே, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசனை ஓடும். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து நாடியை எண்ணுவாள். இதயக் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் ஓடினாள். இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்ற நோய் என்று சொல்லி அவர் மாத்திரை எழுதினார். கூடவே வந்த காகிதத்தில் பக்க விளைவுகளைப் படித்ததும் மாத்திரைமேலேயே பயம் வந்து, அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் படம் போட்ட தாளை வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவோம். மற்றவர்கள் பஸ் வரும்வரை அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பென்கா வயதைத்தான் முதலில் தேடுவாள். தன்னைவிட இளையவர் என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மகள் நெவேனா தூரத்தில் வர்னா நகரில் நிறைமாதமாக இருந்தாள்.

"அம்மா, நீ போன்ல பதறுனா எனக்கும் மூச்சு முட்டுது. ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் கூப்பிடு. அது உன்னால முடிஞ்சா, வலி எடுத்ததும் மொதல்ல உனக்குத்தான் சொல்வேன். நீதான் பக்கத்துல இருக்கணும்."

பென்காவுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. போனை மாவு மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தவள் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அவள் குடியிருக்கும் கட்டிடத்தின் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை, நடுவில் ஓர் ஆணின் முகம். அந்தத் தூரத்தில் யாரென்று தெரியவில்லை. கணவன் ருமென் காலையில் தோள் வலிக்கிறது என்றது நினைவுக்கு வந்தது. அதுவும் இடது தோள். தாள் அச்சடிப்பதற்கு முன்னால் பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டார்களா என்று யோசிக்கிற நிதானமெல்லாம் அவளிடம் இல்லை. ருமெனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. விரல் தானாக மகளின் எண்ணை அழுத்தியது. அவளும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழ் வீட்டு சோன்கா காய்கறிப் பையோடு வந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கதவுல யாரு, சோன்கா?"

"மூணாவது மாடி இவாய்லோ. செத்து வருஷம் ஆச்சுல்ல, அதுக்கு ஒட்டியிருக்காங்க. போன வருஷம் இதே படத்தைப் பாத்துதானே நீ மயங்கி விழுந்த?"

பென்கா மாடி ஏறினாள். ருமென் சமையலறையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"எப்ப வலி எடுத்துச்சு?"

"விடிகாலையில. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நெவேனா சொல்லிட்டா. நீ கூப்பிட்டப்ப எடுத்தா என் குரலே காட்டிக் கொடுத்துடும், அதான் எடுக்கல."

எத்தனையோ சாவுகளுக்குப் பயந்திருந்தாள். இதற்குப் பயப்படத் தோன்றவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் மகள் நம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

போன் அடித்தது. நெவேனா.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்கியே, என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா." நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "குழந்தை மூச்சு விடுதா?"

ருமென் தலையில் கைவைத்துக்கொண்டான். நெவேனா குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் அதையேதாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன். நர்ஸ் தூங்கச் சொல்றாங்க. கண்ணை மூடவே பயமா இருக்கு. நீ கிளம்பி வா."

மகள் தன்னை வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். அந்தச் சந்தோஷம் பிறகுதான் வந்தது. தன் பயம் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதே என்ற பயம் அதற்கு முன்பே வந்துவிட்டது.