தெருவுக்கெல்லாம் எழுதியவள்

"இன்னைக்கு எழுத மாட்டேன் ஹாஜரா. நாளைக்கு விடிய வா," என்று பின்வாசல் கதவைத் திறக்காமலே சொல்கிறாள் பதுருன்னிஸா. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பாயை மடித்துக்கொண்டிருக்கிறாள். பெண்கள் நடமாடும் சந்தில் நிற்கிற ஹாஜரா பீவி, "ரெண்டே வரிதான் ராத்தா," என்கிறாள். ரெண்டு வரி என்று வந்து நாலு பக்கம் எழுதவைத்துவிட்டுப் போனவர்களை அவள் பார்க்காதவளா? "நாளைக்கு," என்கிறாள் மறுபடியும். அஸருக்கும் பொழுது சாய்ந்ததும் வருகிற மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் இப்போது அவளுடையது. காயல்பட்டினத்தில் அந்தத் தெருவே இதைக் கண்டு மூக்கில் விரல் வைக்கிறது. 'மாட்டேன்' என்ற சொல் அவள் நாக்கில் ஏற முப்பத்தாறு வயது ஆகிவிட்டது.

தெருவின் ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில். வீட்டிலிருக்கும் பெண்கள் நம் தமிழையே அரபு எழுத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உலகச் சண்டை வந்தது. சர்க்கார் கடுதாசிகளைப் பிரித்துப் பார்க்கிற இடத்தில் அந்த எழுத்தைப் படிக்க ஆள் இல்லையோ என்னவோ, போனவை மாதக்கணக்கில் போய்ச் சேரவில்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் போகும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தெருவில் தமிழ் எழுத்து தெரிந்த பெண் பதுருன்னிஸா ஒருத்திதான். அண்ணனின் சிலேட்டைப் பிடுங்கிப் பிடுங்கிக் கற்றுக்கொண்டது.

அன்று முதல் அவள் வீட்டுப் பின்கட்டு தபாலாபீசாகிவிட்டது. எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள். நிப்பைத் தலைமுடியில் துடைப்பாள். வலது காதுக்கு மேலே எப்போதும் மை வாடை. உலையில் சோறு குழைந்து கஞ்சியாகும், உம்மா உள்ளிருந்து கத்துவாள், இவள் எழுந்திருக்க மாட்டாள். வந்தவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேதனை அவளுக்கும் உண்டே.

அடுத்த வீட்டு ரஹ்மத்துன்னிஸாதான் ரொம்ப வெட்கக்காரி. "சாப்பாடு, சுகம் எல்லாம் கேட்டாச்சு. மத்ததை நீயே எழுதிக்கோ ராத்தா, எனக்கு வாய் வரல," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மற்றதையும் பதுருன்னிஸா எழுதினாள். எங்கிருந்து எடுத்து எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாருடையதும் முடிகிறபோது தூத்துக்குடிக்குத் தபால் பை கட்டுகிற நேரம் வந்திருக்கும். அவசர அவசரமாகத் தன் புருஷன் மூஸா நெய்னாவுக்கு எழுதுவாள்: 'நானும் உம்மாவும் சுகம். இங்கே மழை இல்லை. தங்கள் சுகத்துக்கு எழுதவும். மற்றவை பின்.' ஐந்து வருஷமும் இதேதான். மற்றவை பின்னாலும் வரவில்லை.

மூஸா நெய்னா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை. அதே தெருக்காரர்கள் நாலு பேரோடு கடை மாடியில் ஓர் அறை. அந்த நாலு பேருக்கும் தமிழ் எழுத்து ஓடாது. ஊரிலிருந்து வருகிற கடுதாசிகளை அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். தன் பெண்டாட்டியின் கையெழுத்தைப் பக்கம் பக்கமாக மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னார். பிறகு தன்னுடையதைப் பிரித்தார். ஒரே ஒரு தடவை எழுதிக் கேட்டார்: 'எனக்கு வந்ததைப் படிக்க ஒரு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.' படித்துவிட்டு அவள் அழுதாள். அடுத்த தபாலுக்கு மூன்று தாள் எடுத்துத் தனியாக வைத்தாள். அந்த வாரம் ஹாஜரா பீவிக்குப் பிள்ளை பிறந்தது. கொழும்பில் அவளுக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர். மூன்று தாளும் அதற்கே பற்றவில்லை.

சண்டை முடிந்த மறுவருஷம் அவர் வந்து இறங்கினார். அவருடைய அக்காள் மகன் ஒருவன் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கிவிட்டான். கண் புகைமூட்டமாகத் தெரியத் தொடங்கி, இப்போது வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிகிறதாம். பாளையங்கோட்டை டாக்டர், "முன்னாலேயே காட்டியிருக்கணும்," என்று கைவிரித்துவிட்டார். அன்று சாயங்காலம்தான் பதுருன்னிஸா முதல் தடவையாகப் பின்வாசல் கதவைச் சாத்தினாள்.

ஆனால் நேரத்தைக் காப்பாற்றி என்ன? பேனாவைப் பிடித்தால் ஓடிவருகிற பேச்சு, ஆள் எதிரே இருந்தால் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. சீலா மீன் வந்ததா, யார் வீட்டில் கலியாணம் என்று அவர் கேட்பார். இவள் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

ஹாஜராவின் காலடி ஓசை சந்தில் தேய்ந்தது. மூஸா நெய்னா கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மக்தூமுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. ராவுல ரெண்டு பேருக்குத்தான் பாய் விரிக்கேன், விடிஞ்சா ஒரு பக்கம்தான் கசங்கிக் கெடக்குன்னு. அதை நான்தான் படிச்சுக் கொடுத்தேன்."

மக்தூம் ரஹ்மத்துன்னிஸாவின் புருஷன், கொழும்பு அறையில் கூட இருந்தவர். பதுருன்னிஸா வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது ரஹ்மத்து சொன்னதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ரஹ்மத்துன்னிஸா அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. பதுருன்னிஸா அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் உள்ளங்கையில் நிதானமாக எழுதினாள். இரண்டே எழுத்து: நான்.

அவர் அதை உதட்டுக்குள் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எனக்குக் கண்ணு தெரிஞ்சப்பவே எழுதியிருக்கப்படாதா, புள்ள?"

அவள் விரலை எடுக்கவில்லை. எழுதிய எழுத்தின் மேலேயே மறுபடியும், மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தாள்.