மஞ்சள் முடிச்சு: விரிஞ்சிபுரத்திலிருந்து எருமையோடு வேலூருக்கு

பருவத்துக்கு வராத எருமையை வேலூர் மாட்டாஸ்பத்திரிக்கு எப்படி ஓட்டிப் போவது என்று போன வாரம் ஒருவர் கேட்டார். வண்டி வைக்க வசதியில்லாதவர்களுக்கு இது உதவும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்கிறாள்.

நான் போனது 1979 சித்திரையில், ஒரு செவ்வாய்க்கிழமை. எருமைக்குப் பால் வற்றி வெகுநாள். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பங்குனி முழுக்கப் பருவக் கத்தலே கேட்கவில்லை. அடிமாட்டுத் தரகர் முனிரத்தினம் நானூறு ரூபாய் பேசிவிட்டார். அவர் லாரி ஆம்பூர் பக்கம் போகும். கறி ஒரு பக்கம், தோல் பதனிடும் ஷாப்புக்குத் தோல் ஒரு பக்கம். என் மனைவி சரோஜா மட்டும் ஒப்பவில்லை.

"டாக்டர் ஒருவாட்டி கைய உள்ள விட்டுப் பாக்கட்டும். அவரும் மலடுன்னா வித்துடு. நான் வாயே தொறக்கல."

விடிகாலை நாலுக்குக் கிளம்பினேன். பதினாலு கிலோமீட்டர். எருமையோடு நாலு மணி நேரம். வழியில் பொய்கை; செவ்வாய்தான் அங்கே மாட்டுச் சந்தை. முனிரத்தினம் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, சந்தை இங்க இருக்குது, மாட்ட எங்க இழுத்துக்கினு போற?"

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேண்ணே."

"காட்டு, காட்டு. லாரி ரெண்டு மணிக்கு. அதுக்கு மேல நிக்கமாட்டேன்."

அந்த இரண்டு மணி என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. எருமையைக் குச்சியால் தட்டிக்கொண்டே போனேன்.

டாக்டர் தேவசகாயம் தோள்வரை சோப்பு தடவிக் கையை உள்ளே விட்டார். "இடது முட்டைப்பையில மஞ்சள் முடிச்சு நிக்குதுய்யா" என்றார். எனக்குப் புரியும்படி விளக்கவும் செய்தார். முட்டை வெடித்து வெளியேறிய இடத்தில் புதுச் சதை வளர்ந்து சுண்டைக்காய் போல ஒரு முடிச்சாகுமாம். அது சுரப்பதுதான் கருப்பையை அடக்கி வைக்கும். கன்று தங்காவிட்டால் பதினைந்து பதினாறு நாளில் தானே கரைந்து அடுத்த முட்டைக்கு வழிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முட்டைப்பை தன்னைத்தானே கிழித்துக் கட்டிக்கொள்கிறது. இது கரையவில்லை; அதனால்தான் பருவம் வரவில்லை.

"அப்ப நசுக்கி எடுத்துடுங்க சார்." அப்படி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா ஏன் கரையலன்னு பாக்கணும். கருப்பை ஒரு பக்கம் லேசா உப்பியிருக்கு. உள்ள சீழ் இருந்தாலும் முடிச்சு நிக்கும், கன்னு இருந்தாலும் நிக்கும்."

"கன்னுக்கு வழியே இல்ல சார். கடைசி ஊசி போட்டு ஆறு மாசம் ஆச்சு."

"ஆத்துல மேய உடறியா?"

"உடறோம்."

"பாலாத்துல எருமைக் கடாவே கிடையாதா?"

சீழா கன்றா என்று உறுதியாகச் சொல்ல, இருபது நாள் கழித்து வரச் சொன்னார்.

"இருபது நாளா! தரகர் சந்தையில நிக்கறாரு சார்."

"கால் வலிக்கும். ஒரு நாற்காலி போடு."

ஒன்றரைக்குப் பொய்கை வந்தேன். முனிரத்தினம் கயிற்றைக் கையில் வாங்கிவிட்டார். நானும் கொடுத்துவிட்டேன். இருபது நாள் தீவனம் யார் போடுவது?

"இன்னா சொன்னாரு டாக்டர்?"

"சீழோ கன்னோ, இன்னும் தெரியலயாம்."

கயிறு திரும்ப என் கைக்கே வந்தது. "கன்னுன்னு ஒரு வார்த்தை வந்துடுச்சேப்பா. தெரிஞ்சே சினை மாட்ட ஏத்தமாட்டேன்."

"சீழாத்தாண்ணே இருக்கும்!"

"சீழுக்கு நானூறா? போப்பா, பேஜார் பண்ணாத."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வாயை நானே திட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அந்த இருபது நாளும் எனக்கு உட்காரவே முடியவில்லை. வைக்கோல் போடும்போதெல்லாம் வயிற்றைத் தட்டிப் பார்ப்பேன். "அது இன்னா தர்பூசா?" என்பாள் சரோஜா.

மறுபடி போனபோது டாக்டர் கருப்பையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு, "புடிச்சிருக்குய்யா, ரெண்டு மாசம்" என்றார்.

"முடிச்சு சார்?"

"அதுதான் கன்னைத் தாங்கிக்கினு இருக்கு. அன்னிக்கு நசுக்கியிருந்தா ரெண்டு மூணு நாள்ல கலைஞ்சிருக்கும்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வெயில் காலத்தில் விடிகாலை நாலு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள். செவ்வாய் வேண்டாம், பொய்கையில் ரோடு அடைத்துவிடும். மாடு ஆற்றில் மேய்ந்தது, மந்தையில் கடா இருந்தது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இப்போதெல்லாம் முடிச்சை நசுக்குவதில்லை, கரைக்க ஊசி வந்துவிட்டது. அதைப் போடும் முன் சினை பார்த்தாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். எவ்வளவு அவசரமானாலும் கேளுங்கள்.

சினை என்று தெரிந்த அன்று எருமையோடு திரும்பி வர ஆறு மணி நேரம் ஆயிற்று. நிழல் கண்ட இடமெல்லாம் அவளை நிறுத்தினேன்.