நீர்க்காகக் குஞ்சு கொடுத்த காய்ச்சல்

போன வருடம் மாசி மாதம். திருப்பரங்குன்றம் பக்கத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கண்மாயின் கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. கீழே விழுந்து கிடந்த குஞ்சு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு என்னா கத்து கத்துது!" என்று என் கணவர் காதைப் பொத்திக்கொண்டார். மூன்று நாள் அயிரை மீன் ஊட்டி, வனத்துறைக்காரர்களிடம் ஒப்படைத்தேன். பெருமை தாங்கவில்லை.

பத்தாம் நாள் காய்ச்சல் அடித்துப் போட்டது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். மாமியார் ஒரே பார்வையில் முடிவுகட்டிவிட்டார்: "ஆத்தா வந்திருக்கா. மாத்திரை மருந்தெல்லாம் ஆகாது." வாசலில் வேப்பிலை ஏறியது. தலைக்குக் குளிக்கக் கூடாது, சீப்பு படக் கூடாது. ஏழாம் வகுப்புக்கு நுண்ணுயிரிகள் பாடம் நடத்துகிற நானும், ஆத்தா என்றதும் பயந்துபோய், வாயை மூடிக்கொண்டு இளநீர் குடித்துப் படுத்துவிட்டேன். நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. பிழைக்க மாட்டேனோ என்று பயம் வந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம்தான், வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கிற நர்ஸ் வந்தார். அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். அவரோ செருப்பைக் கழற்றி, வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே என்னிடம் வந்தார். "அம்மைன்னா இந்நேரம் புள்ளியெல்லாம் நீர் கோத்திருக்கணுமே" என்றபடி, சிக்குப் பிடித்த என் முடியை ஒதுக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால், நெருப்பு சுட்டதுபோல் கருப்பாக ஒரு பொருக்கு.

"டீச்சர், ஆடு, மாடு, பறவைன்னு எதையாச்சும் தூக்குனீகளா?"

குஞ்சு கதையைச் சொன்னேன். அதன் இறகுக்குள் இருந்த உண்ணி கடித்திருக்கலாம், உண்ணி சுமக்கும் பாக்டீரியாவால் வரும் காய்ச்சல் போலத் தெரிகிறது என்றார். பிறகு மாமியாரிடம், "ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டாம்மா, அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரே தெருமுனைக்கு ஓடினார்.

டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள், கறிக்குழம்பு கேட்டுச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். நன்றி சொல்லப் போனபோது அழுகை முட்டியது. "நல்லாத்தான இருக்கீக? அப்புறம் என்ன டீச்சர் அழுகை?" என்று நர்ஸ் அதட்டினார்.

படித்த திமிரில் பிறர் நம்பிக்கையைக் கேலி செய்ததுண்டு. பயம் வந்ததும் நானே அதற்குள் ஒளிந்துகொண்டேன். இரண்டும் இல்லாமல் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதை, இத்தனை வருடம் பாடம் நடத்திய நான், அந்த ஒரு மத்தியானத்தில்தான் கற்றுக்கொண்டேன்.