முதுகுக்கு ஒரு வேலி

மேற்கு பால்டிமோரில் ஓடெல் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பிசின் என்றால் உடனே கை காட்டுவார்கள். பந்து அவன் கையில் அப்படி ஒட்டும்.

எங்கள் கூடைப்பந்துத் திடல் கிடங்குச் சுவருக்கும் கம்பி வேலிக்கும் நடுவே நெருக்கிப் போட்டது. பக்கக் கோடு போட இடம் ஏது? பந்து வேலியில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது, அதுதான் எங்கள் சட்டம். குள்ளன் என்று பள்ளி அணியில் ஓடெலைச் சேர்க்கவில்லை. அவன் ஆடிய ஒரே திடல் இதுதான். குப்பை லாரி ஓட்டும் ஹார்லன், ஆள் மலைமாடு, ஓடெலின் பந்தைத் தட்டிப் பறித்துவிட்டுச் சிரிப்பான்.

"டேய் பொடிப்பயலே, போய் உங்கம்மாவ கூட்டிட்டு வா. அவங்களாவது கெட்டியா புடிப்பாங்க!"

ஓடெல் அழுதுகொண்டேதான் கற்றுக்கொண்டான். பந்தை முழங்காலுக்குக் கீழே தாழ்த்தித் தட்டினான். மறு கையை மடக்கி முன்னால் கொடுத்து ஆளைத் தள்ளி நிறுத்தினான். கால்களுக்கு இடையே விட்டுக் கை மாற்றினான். பின்னாலிருந்து வந்து பறிப்பவர்களுக்காக வேலியைத் துணையாக வைத்துக்கொண்டான். ஆள் நெருங்கினால் திரும்பிப் பாராமல் பின்வாங்குவான். முதுகில் கம்பி பட்டதும் சட்டென்று சுழன்று வெளியேறிவிடுவான்.

"இவன்கிட்ட பந்து போனா பேங்க் லாக்கர்ல போன மாதிரிடா," என்று ஹார்லனே அலுத்துக்கொண்டான்.

அப்போதுதான் கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு வந்தது. தேர்வானால் படிப்பு இலவசம். இல்லாவிட்டால், அம்மா வெர்னெல் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடம்தான்.

"பயப்படாதம்மா, எங்கிட்டேருந்து எவனும் புடுங்க முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் கூடப் போயிருந்தேன். பளபளக்கும் மரத்தரை, சுற்றிலும் தாராளமாக இடம். இரண்டு பேர் நெருக்கியதும் ஓடெல் வழக்கம்போலப் பின்வாங்கினான். முதுகில் எதுவும் படவில்லை. இன்னும் பின்வாங்கினான். விசில் ஊதிவிட்டார்கள்: கால் கோட்டுக்கு வெளியே. பந்து எதிரணிக்குப் போயிற்று. அடுத்த முறையும் அதே கதை. தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. எதிரணிப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"பந்த தொடாதீங்கடா! சும்மா ஓரத்துக்குத் தள்ளுங்க, அவனே வெளிய போயிடுவான்!"

பயிற்சியாளர் கையைக் காட்டி அவனை வெளியே கூப்பிட்டார். "கை நல்ல கை தம்பி. ஆனா கோடு எங்க இருக்குன்னு சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமில்ல."

எங்களுக்கு ஒரு கோடு போட இரண்டு முழ இடம் விட மனசில்லாத ஊர், கோடு தெரியாதவர்கள் என்று எங்களையே விரட்டுகிறது.

வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு ஓடெல் சொன்னான்: "எவனும் புடுங்கலம்மா. நானேதான் வெளிய கொண்டு போயிட்டேன்."

வெர்னெல் உள்ளே போய் சலவைக்கூடத்து நீலச் சட்டை ஒன்றை எடுத்து வந்து அவன் தோளில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. போன வாரமே வாங்கி வைத்திருக்கிறாள்.