தேயிலைக்கும் பூ உண்டு

காலை ஏழேகால் மணிக்கு நுவரெலியாவில் வலப்பனை பஸ்ஸில் ஏறினேன். கையில் பத்து வெள்ளை லில்லிகள், விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மடியில் வைத்தால் கசங்கும் என்று தலைக்கு மேலுள்ள தட்டில் பத்திரப்படுத்தினேன். பத்திரப்படுத்துவதில் நான் கெட்டிக்காரன். அப்படி வைத்த எதுவும் பிறகு எனக்கே கிடைக்காது.

கந்தப்பளை தாண்டி மரக்கறித் தோட்டங்கள், பனி, வளைவுகள். ஒரு மணி நேரம் கழித்து ராகலைக்குச் சற்று முன்னால், ஒரு தோட்டச் சந்தியில் இறங்கினேன். பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் கை காலியாக இருப்பது உறைத்தது.

எதிரே, கொழும்பில் என்னோடு வேலை செய்யும் அந்தோனியும், இங்கே கொழுந்தெடுக்கும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் நின்றார்கள். ஸ்டெல்லாவின் கையில் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகள். பிள்ளை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிழைத்தால் ஞானஸ்நானத்தன்று மாதாவுக்கு வெள்ளைப் பூ வைப்பதாக ஸ்டெல்லா நேர்ந்திருந்தாள். பூ வாங்கி வருவது என் பொறுப்பு. ஞானஸ்நானம் பத்து மணிக்கு.

"பூ எங்கண்ணே?"

"வலப்பனைக்குப் போகுது, தங்கச்சி."

"நல்லவேள, பிள்ளைய இவருகிட்ட குடுக்கல," என்றான் அந்தோனி. ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

கோயிலுக்கு நடந்தோம். பாதையோரத்துத் தேயிலை மலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். பேச்சை மாற்ற வழி கிடைத்த மகிழ்ச்சியில், எதிரே வந்த கங்காணியிடம், "உங்கட மலை என்ன அழகாப் பூத்திருக்கு," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "வந்ததும் வராததுமா ஏசுறீங்களே. ஆளில்லாம கொழுந்தெடுக்காம விட்ட மலைங்க, அதான் பூத்திருக்கு. பூத்தா, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல எனக்குத்தான் ஏச்சு."

தேயிலைக்காரரிடம் பூவைப் பாராட்டுவது, வீட்டுக்காரரிடம் ஒட்டடையைப் பாராட்டுவது போன்றதாம். எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டெல்லா நின்றாள். "கங்காணியாரே, அந்தப் பூவ நாங்க எடுத்துக்கவா?"

"தாராளமா எடு. எனக்கு ஏச்சாவது கொறையும்."

"மாதாவுக்குப் போயி தேயிலப் பூவா?" என்றான் அந்தோனி.

"வெள்ளப் பூன்னுதான் நேந்துக்கிட்டேன். என்ன பூன்னு மாதா கேக்கல."

பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் மலையில் இறங்கினாள். நான் ஆறு பூப் பறிப்பதற்குள் அவள் முந்தானை நிறைந்துவிட்டது. என் ஆறில் ஒன்றைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. மெல்லிய வெள்ளை இதழ்கள். நடுவே மஞ்சள் இழைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளிப் பொடி. ஒருவரும் கேட்காத, பூத்தால் ஏச்சு விழுகிற பூவுக்கு இத்தனை வேலைப்பாடு செய்தவர், ஒன்றரைக் கிலோவில் வந்த பிள்ளையையா கவனியாமல் விட்டிருப்பார்? சாமி விஷயத்தில் நான் பின்வரிசை ஆள். அன்று முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பாதர் தண்ணீர் ஊற்றியதும் பிள்ளை கத்திய கத்தலில் அடுத்த தோட்டமே திரும்பிப் பார்த்திருக்கும். பீடத்தில், கண்ணாடிக் கிளாசுகளில், தேயிலைப் பூ.

பகல் இரண்டு மணிக்கு, சந்தியில் என்னை வழியனுப்ப வந்த ஸ்டெல்லா சொன்னாள்:

"பதினோரு வருசமா இந்தச் செடியில கொழுந்து எடுக்குறேண்ணே. கையில பூ பட்டா கிள்ளிக் கீழ போடுவேன். இன்னைக்குத்தான் அதுக்கு வாசம் இருக்குன்னே தெரிஞ்சுது."